கோட்டூர்புரத்தில் ஒரு பௌத்த யாத்திரை

பௌத்த தரிசனத்தைத் தேடி யாத்திரை புறப்பட்டோம் என்று சொன்னால், நேயர்கள் உடனே புத்த கயையையும் ஸாரநாத்தையும் நினைப்பார்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் காஞ்சியையோ நாகப்பட்டினத்தையோ நினைப்பார்கள். நாம் போனது கோட்டூர்புரத்துக்கு! சென்னையில் நந்தனத்திலிருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வருகிறதே, அதே கோட்டூர்புரந்தான். அங்கே புராதன ஸ்தூபம் ஒன்றும் இல்லை. ஆற்றங்கரைக் குடியிருப்பும், மரங்கள் கவிந்த சில தெருக்களும், வானத்து நட்சத்திரங்களைப் பகலிலேயே காட்டும் கோளரங்கமும், ஒன்பது தளங்கள் கொண்ட ஒரு பெரிய நூலகமும் இருக்கின்றன. இவற்றுள் பௌத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நாமும் அவ்வாறே கேட்டுக்கொண்டுதான் போனோம்.

நம்மை வரவழைத்தவர் ஒரு பழைய நண்பர். முப்பது வருஷங்களுக்கு மேல் கணக்குப் பரிசோதகராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கடவுளே நேரில் வந்து வரம் தருவதாகச் சொன்னாலும், ரசீது கேட்கக் கூடியவர். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. புத்தரிடம் கேட்க வேண்டிய சந்தேகம். அவர் அகப்படமாட்டார், நீராவது வாரும்" என்று அழைத்திருந்தார்.

பாலத்தின் நடுவிலேயே அவரைச் சந்தித்தோம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடைக்காலத்து அடையாறு பார்ப்பதற்கு அவ்வளவு ரம்மியமானதன்று. கருமை படர்ந்த நீர் நகருகிறதா, நிற்கிறதா என்று சொல்வதற்கில்லை.

"இந்த ஆற்றுக்குத் தலையூற்று எங்கே, சொல்லும் பார்ப்போம்" என்றார் நண்பர்.

காவேரிக்குத் தலைக்காவேரி உண்டு. கங்கைக்குக் கங்கோத்ரி உண்டு. அடையாற்றுக்கு அப்படி ஒரு மலையும் இல்லை, சுனையும் இல்லை. தாம்பரத்துக்கு மேற்கேயுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் உபரி நீர்தான் ஓடைகளாய்ச் சேர்ந்து ஆறு என்று பெயர் பெறுகிறது. வழியில் செம்பரம்பாக்கத்து உபரியும் வந்து கலக்கிறது. மீனம்பாக்கத்து விமான ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, சைதாப்பேட்டையைத் தொட்டு, கோட்டூர்புரத்தைச் சுற்றி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுகிறது. ஏரிகளையும் ஓடைகளையும் சாக்கடைகளையும் நீக்கிவிட்டு அடையாறு எங்கே என்று தேடினால், பாலந்தான் மிஞ்சும்.

இந்த மெலிந்த ஆறுதான் 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியன்று இரவு வேறு உருவம் கொண்டது. நவம்பர் மழையிலேயே ஏரிகள் தளும்பி நின்றன. அதன்மேல் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. விடிவதற்குள் கோட்டூர்புரத்தின் தாழ்ந்த தெருக்களும் ஆற்றங்கரைக் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின.

நண்பரின் வீடும் அந்தத் தாழ்ந்த தெருக்கள் ஒன்றில்தான் இருக்கிறது. அவர் சொன்ன வரலாறு இது: அவர் தெருவின் கோடியில் ஒரு சந்து உண்டு. ஆற்றங்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் பெரிய ரஸ்தாவுக்குப் போக அதுவே குறுக்கு வழி. "இரவில் கண்டவர்களும் நடமாடுகிறார்கள்" என்று தெருவாசிகள் 2013-ல் அதற்கு ஓர் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். அதற்கான விண்ணப்பத்தை அழகாக எழுதி, முதல் கையெழுத்தும் போட்டவர் நமது நண்பரே. சாவிகள் இரண்டு, ஒன்று காவற்காரரிடம், மற்றொன்று நண்பரிடம்.

வெள்ளம் புகுந்த இரவில், தொண்ணூறு வயதுத் தாயாரைக் கட்டிலில் கிடத்திக்கொண்டு, இடுப்பளவு நீரில் என்ன செய்வதென்று தெரியாமல் நண்பர் நின்றார். அப்போது அந்தப் பூட்டிய கதவின்மேல் ஏறிக் குதித்து நான்கு வாலிபர்கள் வந்தார்கள். கிழவியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தோளுக்கு மேல் தூக்கி, அடுத்த வீட்டு மாடியில் சேர்த்தார்கள். அவர்களுடைய வீடுகள் அதற்குள் முழுகிவிட்டன என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த அம்மையார் மேலும் இரண்டு வருஷம் இருந்து, சொந்தப் படுக்கையில் அமைதியாகக் கண்ணை மூடினார்.

"அந்தக் கதவு என்னவாயிற்று?" என்று கேட்டோம்.

"வெள்ளம் வடிந்ததும் துருவைச் சுரண்டி, பச்சை வர்ணம் அடித்து, மறுபடியும் பூட்டியாயிற்று. சாவி இன்னும் என்னிடந்தான் இருக்கிறது. கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் சந்தேகம் இதுதான். 'நான்' என்று நிலையான ஒன்று கிடையாது என்று புத்தர் சொல்கிறாராமே? அப்படியானால் 2013-ல் விண்ணப்பம் எழுதியவர் வேறு ஆசாமி. இன்றைய நான் வேறு ஆசாமி. அவர் செய்ததை என் கணக்கில் எப்படிப் பற்று எழுதுவது?" என்று கேட்டார்.

சிரிப்பு வந்தது; ஆனால் சிரிக்க முடியவில்லை. மேல்நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் தடித்த புத்தகங்கள் எழுதி விவாதித்துவரும் கேள்வி அது.

பேசிக்கொண்டே நூலகத்துக்கு நடந்தோம். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ம் வருஷம் செப்டம்பர் 15-ம் தேதி திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. சர்க்கார் பரீட்சைகளுக்குத் தயார் செய்யும் வாலிபர்களும் பெண்களும் அங்கே தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மணிமேகலை தமிழ்ப் புத்தகத் தளத்தில் இருந்தது. நாகார்ஜுனரையும் இங்கிலீஷ் தத்துவ ஆசிரியர்களையும் பார்க்க வேண்டுமானால் வேறு தளத்துக்குப் போகவேண்டும். இது நூலகத்தார் பிழையன்று. நம்முடைய பழக்கம் அது. மணிமேகலையை நாம் காவியம் என்று வகுத்துவிட்டோம். அமுதசுரபியையும் உதயகுமாரனையும் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. முப்பது காதைகளுள் இருபத்தேழாவது காதையில் பல சமயவாதிகளும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கிறார்கள். இருபத்தொன்பதாவதில் பௌத்த தர்க்க சாஸ்திரம் விவரமாக வருகிறது. முப்பதாவதில் சார்புக் கொள்கை விளக்கப்படுகிறது. இவை வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். தமிழில் தத்துவம் உண்டா என்று கேட்கிறவர்கள், உண்மையில் இந்தக் காதைகளைத் தாண்டிக் குதித்தவர்களே.

அவை ஒரு காலத்தில் புலவர்களுக்கே விளங்காமல் இருந்தன. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது, பௌத்த சமயக் கருத்துக்களைச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்நாட்டில் ஆள் அகப்படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியர் என்ற வைஷ்ணவப் பெரியார், பௌத்தத்தைப் பற்றிய இங்கிலீஷ் நூல்களைப் படித்து ஐயருக்கு எடுத்துச் சொன்னார். மறைந்துபோன நம் செல்வம் மேல்நாட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்தது. 1898-ல் மணிமேகலை அச்சில் வெளியாயிற்று.

அதே 1898-ல்தான், ஆற்றுக்கு வடகரையில், இராயப்பேட்டையில் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை ஸ்தாபித்தார். அதற்கு உதவி செய்த கர்னல் ஆல்காட்டின் பிரம்மஞான சபை, இதே அடையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. 1907-ல் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை விஞ்ஞானக் கண்ணோடு விளக்கி இங்கிலீஷில் ஒரு நூல் எழுதினார். 1948-ல் அதை மறுபடியும் வெளியிட்டவர் டாக்டர் அம்பேத்கர். ஒருவர் ஏட்டுச் சுவடியில் தேடினார். ஒருவர் ஜாதிக் கொடுமைக்கு மருந்தாகத் தேடினார். ஒருவர் விஞ்ஞானத்துக்கு ஒத்ததாகத் தேடினார். எல்லாம் இந்த ஆற்றைச் சுற்றிச் சில மைல்களுக்குள்ளும், சென்னை ரயில் எட்டும் தூரத்திலும் நடந்தவை. கோட்டூர்புரத்துக்கு நாம் போனது அவ்வளவு பொருத்தமற்ற காரியமன்று என்று இப்போது நேயர்கள் ஒப்புக்கொள்ளலாம்.

முப்பதாவது காதையைத் திறந்தோம். இடம் காஞ்சி மாநகர், உபதேசிப்பவர் அறவண அடிகள், கேட்பவள் மணிமேகலை. அடிகள் சொல்லும் விஷயங்களில் சொற்களைப் பற்றிய ஒரு சிறு பகுதி நம் நண்பரை நிமிர்ந்து உட்காரச் செய்தது. சில பெயர்கள் தனிப்பட்ட ஒரு பொருளைக் குறிப்பவையல்ல. பல பொருள்கள் கூடியிருப்பதைக் குறிக்கும் தொகைப் பெயர்கள் என்கிறார் அடிகள். உதாரணம் மூன்று: உடம்பு, நீர், நாடு. வேறு சில பெயர்கள் தொடர்ச்சியைக் குறிப்பவை. வித்து, முளை, தாள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாய் நிகழ்ந்துகொண்டே போவதை நாம் 'நெல்' என்று ஒரே பெயரால் அழைக்கிறோமே, அது போல.

"அடடே! தொகையா?" என்றார் நண்பர். "கணக்கேட்டில் கடைசி வரியில் எழுதுகிறோமே, அதுதானே? மேலே உள்ள இனங்களை அடித்துவிட்டால் தொகை ஏது? அதற்காகத் தொகை பொய் என்று எந்தக் கணக்கனும் சொல்லமாட்டான். ஆனால் இனங்களோடு கூட அதையும் ஓர் இனமாகக் கூட்டினானானால் அவன் மடையன்."

பௌத்த தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக நாம் வேறெங்கும் கேட்டதில்லை! உடல், உணர்ச்சி, எண்ணம், நினைவு ஆகியவை இனங்கள். 'நான்' என்பது அவற்றின் தொகை. காலத்தை வைத்துப் பார்த்தால் தொடர்ச்சி. இனங்களுக்குப் புறம்பாக, என்றும் மாறாத ஒரு 'நான்' தனியே இருக்கிறதென்று எண்ணுவதுதான் கூட்டலில் நேர்ந்த பிழை.

பிறகு தத்துவத் தளத்துக்குப் போனோம். ஸ்காட்லாந்தில் பிறந்த டேவிட் ஹியூம் தம் முதல் நூலை 1739-ல் வெளியிடத் தொடங்கினார். உள்ளே எவ்வளவு தேடினாலும் ஏதோ ஓர் உணர்ச்சியோ எண்ணமோதான் அகப்படுகிறதேயன்றி, 'நான்' என்பது தனியாக அகப்படவில்லை என்று அவர் அதில் கூறினார். ஆன்மாவை அவர் ஒரு குடியரசுக்கு ஒப்பிட்டார். குடிகள் மாறுகிறார்கள், சட்டங்கள் மாறுகின்றன, குடியரசு தொடருகிறது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1984-ல், ஆக்ஸ்போர்டில் டெரிக் பார்ஃபிட் என்பவர் அதே வழியில் நடந்து ஒரு பெருநூல் எழுதினார். அவரும் மனிதனை ஒரு தேசத்துக்கு ஒப்பிட்டார். இக்கொள்கையைப் புத்தர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று அந்நூலிலேயே எழுதி, பௌத்த நூல்களிலிருந்து மேற்கோள்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். தனியான ஒரு 'நான்' உண்டென்று நம்பியிருந்தவரையில் கண்ணாடிச் சுரங்கத்தில் அடைபட்டதுபோல் இருந்ததாகவும், அந்த நம்பிக்கை போனதும் சுவர்கள் மறைந்து, பிறர் தமக்கு நெருங்கி வந்ததாகவும் அவர் சொன்னார்.

காஞ்சியில் அறவண அடிகள் எடுத்த உதாரணம் நாடு. எடின்பரோவையும் ஆக்ஸ்போர்டையும் சேர்ந்தவர்கள் எடுத்த உதாரணமும் நாடே. மணிமேகலையைப் பார்த்து அவர்கள் எழுதவில்லை. வெவ்வேறு ஊர்களில் நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் ஒரே விடை வருகிறது, அவ்வளவுதான். இதில் நமக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்டுவதற்கு முன்னால், இருந்ததை நாம் படித்தோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

"அப்படியானால் நான் தப்பித்தேன்! 2013-ல் கையெழுத்திட்டவர் வேறு தொகை" என்றார் நண்பர். ஆனால் முகத்தில் தப்பித்தவனுடைய களை இல்லை.

இதே வாதத்தை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஓர் அரசன் எழுப்பியிருக்கிறான். மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனுக்கும் நாகசேனர் என்ற பிக்ஷுவுக்கும் நடந்த சம்வாதம் பாலி மொழியில் பிரசித்தமானது. அதில் நாகசேனர் ஒரு மாம்பழத் திருடனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அகப்பட்ட திருடன், "தோட்டக்காரன் நட்டது வேறு மாங்கொட்டை; நான் பறித்தது வேறு மாம்பழம். அவன் பொருளை நான் எடுக்கவில்லை" என்று வாதிக்கிறான். அவனை விட்டுவிடலாமா? கூடாது என்று மிலிந்தனே சொல்கிறான். நட்டதும் பறித்ததும் ஒன்றல்ல. ஆயினும் பறித்தது நட்டதைச் சார்ந்து வந்தது. ஆகவே திருட்டுத் திருட்டுத்தான். முதல் ஜாமத்தில் எரிந்த சுடரும் கடைசி ஜாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா, வேறா? ஒன்றும் அன்று, வேறும் அன்று; ஒன்றைச் சார்ந்து மற்றொன்று. பௌத்தம் 'நான்' என்ற முதலாளியை நீக்கியதேயன்றிக் கணக்கேட்டைக் கிழித்துவிடவில்லை.

பார்ஃபிட்டும் இதை நெடுக ஆராய்ந்திருக்கிறார். இளமைக்கும் முதுமைக்கும் இடையே எண்ணம், நினைவு, குணம் முதலியவற்றின் பிணைப்புத் தளர்ந்து போனால், பழைய குற்றத்துக்குரிய தண்டனையும் தளரலாமா என்று கேட்கிறார். தத்துவ உலகில் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நமது நண்பர் வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிது. பிணைப்பு எங்கே தளர்ந்தது? சாவிதான் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறதே!

அறவண அடிகள் சொல்லும் பன்னிரு சார்புகள் பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடிகின்றன. நடுவே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன. நண்பர் அந்தப் பட்டியலில் 'பற்று' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து வெகு நேரம் பேசாமலிருந்தார். பற்று எழுதலாமா என்று கேட்டவர் அவர். பற்றுதான் கண்ணி என்று நூல் சொல்கிறது. பிறகு, "கதவைப் போட்டது எதைச் சார்ந்து? பயத்தை. பயம் எதைச் சார்ந்து? அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாதே, அதைச் சார்ந்து" என்று தாமே சொல்லிக்கொண்டார். பேதைமை என்பதற்கு வேறு உரை வேண்டுமா?

இங்கே சிலர் ஆட்சேபிக்கலாம்: எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை, எதற்கும் சொந்த இயல்பு இல்லை என்றால், எதுவுமே இல்லை என்றாகாதா? நாகார்ஜுனருக்குப் பிறகு இந்தப் பழி பௌத்தர்கள்மேல் ஓயாமல் சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. அவர் சொன்ன சூனியம் இல்லாமையன்று, தனித்து நில்லாமை. 2011-ல் நாங்கள் உட்கார்ந்திருந்த இதே கட்டடத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப் போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. வழக்குத் தொடரப்பட்டு, ஐகோர்ட் தடை விதித்தது. அதனால் நூலகம் நூலகமாக நிற்கிறது. கல்லிலும் கண்ணாடியிலும் 'நூலகத்தன்மை' என்று ஏதும் ஒட்டிக்கொண்டில்லை. படிப்பவர்களையும் புத்தகங்களையும் நீதிமன்றத்தையும் சார்ந்தே அது நூலகமாக இருக்கிறது. அதற்காக நூலகமே இல்லை என்பார் உண்டோ? சார்ந்து நிற்பதனாலேதான் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது; சார்ந்து நிற்பதனாலேதான் காப்பாற்றவும் முடிந்தது. 2020-ல் இத்தாலியப் பௌதிக சாஸ்திரி கார்லோ ரொவெல்லி அணுக்களின் உலகத்தைப் பற்றி எழுதிய நூலில் நாகார்ஜுனரை வரவேற்றிருப்பதும் இந்தக் காரணத்தினாலேயே. பொருள்கள் தமக்குத் தாமே இன்னவை என்று நில்லாமல், ஒன்றோடொன்று கொண்ட உறவிலேயே இன்னவை ஆகின்றன என்பது அவர் கருத்து.

வெள்ளத்துக்கும் இதே கணக்குத்தான். மழையா, ஏரியா, மதகா, தூர்ந்த கால்வாயா, ஆற்றின் இடத்தில் எழுந்த கட்டடங்களா, மணல் மூடிய முகத்துவாரமா என்று ஒரே குற்றவாளியைத் தேடினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். சார்புகளைத் தேடினாலோ, மனிதன் கை பட்ட கண்ணிகள் எவை என்பது தெரியும். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மற்றக் கண்ணிகளில் கை வைக்கலாம். எல்லாம் சார்பு என்பது யாருக்கும் பொறுப்பில்லை என்று சொல்வதன்று. அவரவர் பொறுப்பு எந்த இடத்தில் என்று காட்டுவதாகும்.

இன்னொரு விஷயம். நாடு தொகைப் பெயர் என்று கேட்டதும் தேசபக்தர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்க வேண்டியதில்லை. தொகையைப் பூஜித்துவிட்டு இனங்களை மறப்பதுதான் பாவம். நாற்காலியைத் தோளில் சுமந்த நால்வரை நீக்கிவிட்டால், மீதியிருக்கும் நாடு எவ்வளவு? மணிமேகலை காஞ்சிக்கு வந்து முதலில் செய்தது தத்துவ விசாரம் அன்று. பஞ்சத்தில் வாடிய ஜனங்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறிட்டாள். பிறகே தர்க்கத்தையும் சார்புகளையும் கேட்டாள். சாத்தனார் காதைகளை அந்த வரிசையில் அமைத்தது காரணமின்றி இருக்காது.

நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கிழக்கே, ஆற்று முகத்துவாரத்தில், 1886-ல் ஆல்காட் ஆரம்பித்த அடையாறு நூலகம் இருக்கிறது. வடமொழி மூலம் மறைந்துபோன ஒரு சிறு பௌத்த சூத்திரத்தை, திபேத்திய மொழிபெயர்ப்பைக் கொண்டு ஐயாசாமி சாஸ்திரியார் மீட்டமைக்க, 1950-ல் அந்நூலகத்தார் வெளியிட்டார்கள். சாலிஸ்தம்ப சூத்திரம், அதாவது நெற்பயிர்ச் சூத்திரம், என்பது அதன் பெயர். வித்திலிருந்து முளையும், முளையிலிருந்து இலையும் வருவதற்கு மண்ணும் நீரும் வெப்பமும் காற்றும் வெளியும் பருவமும் கூடவேண்டும். அவற்றுள் ஒன்றாவது "நானே இதைச் செய்தேன்" என்று நினைப்பதில்லை என்பது அதன் போதனை. காஞ்சியில் கேட்ட அதே நெல் இங்கேயும் விளைந்திருக்கிறது! அங்கே போக நேரமில்லை. நண்பர் வீட்டுத் தெருவுக்கே திரும்பினோம்.

சந்தின் கோடியில் பச்சைக் கதவு பூட்டிக் கிடந்தது. அதன் மறுபக்கத்தில், பள்ளிக்கூடப் பையோடு வந்த ஒரு சிறுமி, பழக்கத்தால் கதவை ஏறெடுத்தும் பாராமல் திரும்பிச் சுற்று வழியில் நடந்தாள். நண்பர் பையிலிருந்த சாவியை எடுத்துச் சற்று நேரம் பார்த்தார்.

"நான் மட்டும் திறந்தால் காவற்காரர் மறுபடி பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தெருவாசிகள் கூட்டம் இருக்கிறது. பூட்டை எடுக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதப் போகிறேன். யாரும் கையெழுத்திட மாட்டார்களோ என்னவோ, முதல் கையெழுத்து என்னுடையது" என்றார்.

2013-ல் எழுதியவரும் இப்போது எழுதப் போகிறவரும் ஒருவரா, வேறா? அதை ஆக்ஸ்போர்டுக்கே விட்டுவிடலாம். கையெழுத்து என்னவோ ஒன்றாகத்தான் இருக்கும்.